ருசி பார்க்காதவர்

மலைக்கு நடந்து போகிறவர்களுக்குப் பாதி வழியில் கால் ஓய்ந்துபோகும். ஓய்கிற இடமாகப் பார்த்து யாரோ ஒரு புண்ணியவான் அங்கே ஒரு மடம் கட்டி வைத்தான். மடம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஓட்டுக் கூரை, ஒரு கிணறு, பின்னால் இரண்டு வேப்பமரம். சித்திரை பிறந்தால் ரோட்டோரம் தென்னங்கீற்றில் ஒரு பந்தல் போடுவார்கள். அவ்வளவுதான் சொத்து.

அந்த மடத்தின் தலைவி அங்கயற்கண்ணி அம்மை. நாற்பத்தைந்து வயதுக்கு மேல் சொல்ல முடியாது. அவர் குரலை உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை. கேள்வி கேட்டால் பாதி நேரம் பதில் வராது, வேலைதான் வரும். அந்த வேலையை முடித்துவிட்டு வந்து நின்றால் ஒன்று கேள்வி மறந்திருக்கும், இல்லாவிட்டால் பதில் தெரிந்திருக்கும்.

அவருடைய சீடர் குழந்தைவேலு. பெயரில்தான் குழந்தை, ஆளுக்கு அறுபது தாண்டிவிட்டது. குருவைவிடச் சீடர் மூத்தவர். அதனால் அம்மை அவரை "அய்யா" என்பார், அவர் அம்மையைத் "தாயே" என்பார். கேட்கிறவர்களுக்கு யார் யாருக்குச் சீடர் என்று சிறிது குழப்பமாக இருக்கும். அவர்கள் இருவருக்கும் அந்தக் குழப்பம் இல்லை.

மடத்துக்கு வருமுன் குழந்தைவேலு ஒரு மலைக்கோயில் மடப்பள்ளியில் சமையல்காரர். சர்க்கரைப் பொங்கலில் இருந்து சுண்டல் வரை எல்லாம் அவர் கைப்பக்குவம். மடப்பள்ளியில் ஒரு கட்டுப்பாடு உண்டு. சாமிக்குப் படைப்பதற்கு முன்னால் எதையும் நாக்கில் வைக்கக் கூடாது, மூக்கால் மோந்துகூடப் பார்க்கக் கூடாது. அவர் வாயில் துணியைக் கட்டிக்கொண்டுதான் அடுப்புக்கு முன்னால் நிற்பார். உப்பு எவ்வளவு என்று விரல் சொல்ல வேண்டும், நாக்கைக் கேட்கக் கூடாது.

இதில் அவருக்குப் பெருமை கொஞ்சநஞ்சமல்ல. "வாழ்க்கையில நான் எதையும் ருசி பார்த்துச் சமைச்சதில்லீங்க" என்பார். வீட்டில் அடுப்பு மூட்டினாலும் அதே துணி, அதே கட்டுப்பாடு. அவர் மனைவி மயிலாத்தாள் தட்டில் விழுந்ததைச் சாப்பிட்டுவிட்டுக் கையலம்பிக்கொள்வாள்.

வேலையில் இருந்து ஓய்ந்ததும் குழந்தைவேலுவுக்கு ஒரே ஆசை. காவி கட்ட வேண்டும். மிச்சக் காலத்தை இந்த மடத்திலேயே கழிக்க வேண்டும். ஐப்பசியில் வந்து அம்மையின் காலில் விழுந்தவர், அப்புறம் ஊர்ப்பக்கம் போகவே இல்லை.

ஆனால் அந்த மடத்தில் காவி வாங்குவது லேசுப்பட்ட காரியமல்ல. இரண்டு வழக்கங்கள் இருந்தன. காவி வாங்குவதற்கு முதல் நாள், பந்தலில் ஊற்றும் வெள்ளரிச் சாற்றை ஒற்றை ஆளாகச் செய்து, ஒற்றை ஆளாகவே ஊற்ற வேண்டும். மறுநாள் காலையில் கட்டிய மனைவி தன் கையால் காவித் துணியை எடுத்துக் கொடுக்க வேண்டும். அவள் கொடுத்தால்தான் அது காவி. இல்லாவிட்டால் வெறும் சாயத் துணி.

"வீட்டுல கேட்டீங்களா அய்யா?" என்று அம்மை விசாரித்தார்.

"ஆள் விட்டுக் கேட்டனுங்க தாயே. செரின்னுட்டாளுங்க."

"மனசாரச் சொன்னாங்களா?"

"ஒரு வார்த்தை மறுத்துப் பேசலீங்க. செரி, ஆகட்டும்னு சொன்னாளாம்."

அம்மை கொஞ்ச நேரம் கிணற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு துளசிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொன்னார். குழந்தைவேலு அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

நாள் குறித்தாயிற்று. மயிலாத்தாளுக்குச் சொல்லியனுப்பியும் ஆயிற்று.

முதல் நாள் விடிந்ததும் குழந்தைவேலு கிணற்றடியில் தலை முழுகினார். ஈர வேட்டியோடு வாயில் துணியைக் கட்டிக்கொண்டு மடத்தின் பின்கட்டுக்கு வந்தார். பக்கத்து ஊர்த் தோட்டக்காரர் ஒருவர் மடத்துக்கென்று மூட்டை நிறைய வெள்ளரிக்காய் இறக்கிவிட்டுப் போயிருந்தார். அத்தனையும் பார்க்க லட்சணமாக இருந்தன.

ஒவ்வொரு காயாக எடுத்துக் காம்புப் பக்கத்து நுனியை நறுக்கினார். நறுக்கிய துண்டை அதே இடத்தில் வைத்து வட்டமாகத் தேய்த்தார். வெள்ளையாக நுரை கட்டியது. கசப்பு இருந்தால் அந்த நுரையோடு வந்துவிடும் என்பது அவர் அம்மா சொல்லிக் கொடுத்தது. ஒரு காயைக்கூட அவர் விடவில்லை. நுரையைக் கழுவி, தோல் சீவி, முற்றிய விதையை வழித்து எறிந்தார்.

புதினாவை ஆய்ந்தார். கொத்தமல்லித் தழையை வேரோடு அலசி எடுத்தார். இஞ்சியைத் தட்டினார். எல்லாவற்றையும் ஆட்டுக்கல்லில் போட்டு ஆட்டி, வெள்ளைத் துணியில் வடிகட்டி, வெட்டிவேர் போட்ட பெரிய மண்பானையில் ஊற்றினார். வறுத்துப் பொடித்த சீரகம், கல்லுப்பு. எலுமிச்சம்பழத்தை மட்டும் கடைசியில்தான் பிழிந்தார். முன்னாலேயே பிழிந்தால் தழை கறுத்துப்போகும். கிணற்றுத் தண்ணீரை மொண்டு ஊற்றியதும் பானை முழுக்க இளம்பச்சையாக நிறம் திரண்டது.

பார்த்துக்கொண்டே இருக்கலாம் போல இருந்தது. அவரும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

அம்மை அந்தப் பக்கம் வந்தார். குழந்தைவேலுவுக்குப் பல நாளாக மனதில் கிடந்த கேள்வி ஒன்று இருந்தது. வாய்த் துணியை இறக்கிவிட்டுக் கேட்டார்.

"தாயே, சாமிக்குப் படைக்கறதுக்கும், ரோட்டுல போறவங்களுக்கு ஊத்தறதுக்கும் என்னுங்க வித்தியாசம்? ரெண்டும் ஒண்ணுதானுங்களே?"

"வெயில் ஏறட்டும் அய்யா. பார்க்கலாம்" என்றார் அம்மை. உள்ளே போய்விட்டார்.

வெயில் ஏறியது. சித்திரை வெயிலுக்குச் சொல்லித்தர வேண்டுமா? தார் ரோடு இளகத் தொடங்கும் நேரத்துக்கு நடைக்காரர்கள் வந்து சேர்ந்தார்கள். தலையில் ஈரத் துண்டு, காலில் கொப்புளம், வாயில் முருகன் பெயர். பந்தலைக் கண்டதும் பாதிப்பேர் அப்படியே தரையில் உட்கார்ந்தார்கள்.

குழந்தைவேலு இரண்டு கையாலும் சொம்பைப் பிடித்து ஊற்றினார். ஒரு சொட்டுக் கீழே சிந்தக் கூடாது. டம்ளரின் விளிம்பை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. கோயிலில் அபிஷேகத்துக்குப் பால் ஊற்றுகிறவரைப் போல இருந்தது பார்ப்பதற்கு.

"நல்லாருக்குதுங்களா?"

"நல்லாருக்குதுங்க சாமி."

"இன்னொரு டம்ளர்?"

"போதுங்க சாமி. வயிறு நெறஞ்சுபோச்சுங்க."

ஒருவரா, இருவரா! வந்தவர்கள் எல்லாரும் அதையேதான் சொன்னார்கள். கும்பிட்டுவிட்டுப் போனார்கள். குழந்தைவேலுவுக்கு நெஞ்சு குளிர்ந்துபோயிற்று. நாளைக்குக் காவி நிச்சயம் என்று தோன்றியது. சாறே அப்படி வாய்த்திருக்கும்போது வேறு என்ன வேண்டும்?

அம்மை வந்தார். ஒரு டம்ளரை எடுத்து நீட்டினார். குழந்தைவேலு பயபக்தியோடு ஊற்றினார். அம்மை குடித்தார். ஒன்றும் சொல்லவில்லை. காலி டம்ளரை மறுபடி நீட்டினார். மறுபடி ஊற்றினார். அதையும் கடைசிச் சொட்டு வரை குடித்து, முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

இரண்டு டம்ளர்! அம்மை சோற்றையே இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிடாதவர். குழந்தைவேலுவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஆனால் அதற்குப் பிறகு அம்மை செய்த காரியம்தான் அவருக்கு விளங்கவில்லை. பந்தலின் வாசலில் வெறும் தண்ணீர்ப் பானை ஒன்று உண்டு. அம்மை அதன் பக்கத்தில் போய்க் கல்லில் உட்கார்ந்துகொண்டார். வருகிறவர்களை எல்லாம் அங்கேயே நிறுத்தித் தண்ணீர் மொண்டு கொடுத்தார். குடித்தவர்கள் அந்தப் பக்கமாகவே எழுந்து நடந்தார்கள். சாற்றுப் பானை வரைக்கும் ஒருவரும் வந்து சேரவில்லை.

குழந்தைவேலு பொறுத்துப் பார்த்தார். பிறகு பொறுக்க முடியவில்லை.

"தாயே, சாறு நெறைய இருக்குதுங்களே."

"இருக்கட்டுங்கய்யா."

"கெட்டுப்போயிரும்னு இல்லீங்க, சும்மா சொன்னேன்."

"செரிங்கய்யா."

அவருக்கு மண்டை குடைய ஆரம்பித்தது. ஏன் இப்படிச் செய்கிறார்? மத்தியான வெயிலுக்கென்று சாற்றை மிச்சம் பிடிக்கிறாரா? இல்லை, தனக்குக் கர்வம் வருகிறதா என்று சோதிக்கிறாரா? அப்படித்தான் இருக்கும் என்று முடிவு கட்டினார். கர்வம் வராமல் இருப்பதற்காகக் கண்ணை மூடி நின்றார். கர்வம் இல்லாமல் நிற்பதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று அப்போது அவருக்குத் தோன்றியது.

மத்தியான பஸ் வந்து நின்றது. மயிலாத்தாள் இறங்கினாள். கையில் ஒரு துணிப்பை. பஸ் நின்றது பந்தலின் மறுகோடியில் என்பதால் அவள் அம்மையைத் தாண்டி வரவில்லை. நேரே கணவரிடம்தான் வந்தாள்.

"இளைச்சுப்போயிட்டீங்க" என்றாள்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. துணி வாங்கியாந்தயா?"

"வாங்கியாந்தனுங்க. நூல் மட்டமா இருக்கக் கூடாதுன்னு ரெண்டு கடை ஏறி இறங்கினேன்."

"வெயில்ல வந்திருக்கற. இந்தா, குடி. என் கையால ஆட்டுனது. காய் ஒவ்வொண்ணையும் நுனி நறுக்கித் தேச்சு, நுரை எடுத்து, எலுமிச்சங்காயைக் கடைசியிலதான் புழிஞ்சேன். தாயே ரெண்டு டம்ளர் குடிச்சாங்க, தெரியுமா?"

சொல்லிக்கொண்டே ஊற்றினார். சொல்லி முடிப்பதற்குள் அவள் குடித்து முடித்திருந்தாள்.

"எப்படி?"

"நல்லாருக்குதுங்க."

டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு, பின்னால் வேப்பமரத்தடிக்குப் போய்ப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். குழந்தைவேலு மறுபடி பானையின் பக்கத்தில் நின்றார்.

காட்டுப்பக்கமிருந்து ராக்கியாயி வந்தாள். ஆடு மேய்க்கிறவள். அவளுக்கு மலையும் தெரியாது, விரதமும் கிடையாது. தாகம் எடுத்தால் வருவாள், குடித்துவிட்டுப் போவாள். வாய்த் துடுக்குக்காரி என்று ஊரில் பெயர்.

ஒரு வாய் குடித்தாள். குடித்ததைத் திரும்பி நின்று துப்பினாள்.

"ஏஞ்சாமி, வேப்பந்தழையையும் சேர்த்துப் போட்டு ஆட்டிப்போட்டீங்களா?"

குழந்தைவேலுவுக்குச் சுருக்கென்றது. "என்ன அம்மிணி பேசற? எத்தன பேரு குடிச்சுட்டு நல்லாருக்குதுன்னு சொல்லிட்டுப் போறாங்க!"

"அவங்க சாமிக்குப் போறவங்க. மடத்துல ஊத்துனதைக் கசக்குதுன்னு சொன்னாப் பாவம்னு போயிருப்பாங்க. நான் ஆட்டுக்குப் போறவ."

"கசக்காது. நான் ஒவ்வொரு காயும் தேச்சு..."

"தேச்சீங்களோ, கும்பிட்டீங்களோ, எனக்கென்ன தெரியும்? நீங்களே ஒரு வாய் குடிச்சுப் பாருங்க."

மிச்சத்தைத் தரையில் ஊற்றிவிட்டு, வாசலுக்குப் போய் அம்மையிடம் பச்சைத் தண்ணீர் வாங்கிக் கொப்பளித்தாள். ஆடுகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டாள்.

குழந்தைவேலுவுக்குக் கோபம் ஒரு பக்கம், சந்தேகம் ஒரு பக்கம். புதினாவை அதிக நேரம் ஆட்டிவிட்டோமா? எலுமிச்சை விதை ஏதாவது நசுங்கிவிட்டதா? கை எதையும் தப்பாகச் செய்ததாக அவருக்கு ஞாபகம் இல்லை. பானைக்குள் எட்டிப் பார்த்தார். நிறம் சொக்க வைக்கிறது. நிறத்தில் குறை இல்லையே!

தெரிந்துகொள்ள ஒரே வழிதான் இருந்தது. ஆனால் வழிநடைக்காரர்கள் எல்லாரும் குடித்து முடிவதற்கு முன்னால் எப்படிக் குடிப்பது? இத்தனை வயதுக்கு மேல் அந்தக் கட்டுப்பாட்டை உடைப்பதா?

அம்மையைப் பார்த்தார். அம்மை ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சொம்பில் கொஞ்சம் மொண்டுகொண்டு ஆட்டுக்கல்லின் மறைவுக்குப் போனார். வாய்த் துணியை இறக்கினார். சுற்றும் முற்றும் பார்த்தார். திருடுகிறவரைப் போல உள்ளங்கையில் ஊற்றிக் குடித்தார்.

கசப்பென்றால் அப்படி ஒரு கசப்பு. அடிநாக்கில் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்றது. மூட்டையில் இரண்டோ மூன்றோ காய் தண்ணீர் காணாத கொடியில் காய்த்ததாக இருக்க வேண்டும். பானை முழுவதற்கும் அது போதும்.

அவருக்கு அவமானத்தில் காது சூடேறியது. இதையா இத்தனை பேருக்கு ஊற்றினேன்? இதையா அவர்கள் கும்பிட்டுவிட்டுக் குடித்தார்கள்?

அம்மையிடம் வந்து நின்றார்.

"கசக்குதுங்க தாயே."

"ஆமாங்கய்யா."

"உங்களுக்குத் தெரியுமுங்களா?"

"ரெண்டு டம்ளர் குடிச்சனே."

"ஏனுங்க தாயே சொல்லல? ஒரு வாயிலயே தெரிஞ்சிருக்குமே. எதுக்கு ரெண்டாவது டம்ளர் வாங்கிக் குடிச்சீங்க?"

அம்மை தண்ணீர்ப் பானையை மூடினார்.

"முதல் டம்ளர்ல சாறு எப்படி இருக்குதுன்னு பார்த்தேன். ரெண்டாவது டம்ளர் குடிக்கறப்ப நீங்க என் முகத்தைப் பார்க்கறீங்களான்னு பார்த்தேன்."

குழந்தைவேலு தலையைக் குனிந்துகொண்டார். காலையில் இருந்து ஒரு முகத்தைக்கூட அவர் பார்த்திருக்கவில்லை. டம்ளர் விளிம்புகள்தான் ஞாபகம் இருந்தன.

"காலையில ஒண்ணு கேட்டீங்களே அய்யா" என்றார் அம்மை. "சாமிக்குப் படைக்கறதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்னு."

"கேட்டனுங்க."

"சாமி முகஞ்சுளிக்காது."

அவர் கழுத்தில் இறங்கிக் கிடந்த வாய்த் துணியை அவிழ்த்தார்.

"மூட்டையில மிச்சம் காய் இருக்குதில்ல? கொண்டாங்க" என்றார் அம்மை.

கொண்டு வந்தார். அம்மை ஒரு காயை எடுத்து நுனியில் மெல்லிசாக ஒரு வில்லை நறுக்கி நீட்டினார். குழந்தைவேலு பின்வாங்கினார்.

"எச்சில் பண்ணிட்டு அதை எப்படீங்க மத்தவங்களுக்கு..."

"நறுக்குன வில்லை உங்க வாய்க்குப் போகுது. காய் என் கையில இருக்குது. இதுல எச்சில் எங்கய்யா வந்துச்சு?"

அவருக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இவ்வளவு சுலபமா? ஒரு வில்லை நறுக்கினால் தீர்ந்திருக்கக்கூடிய விஷயமா? இத்தனை வருஷமாக இது ஏன் தோன்றவில்லை?

"மொதல்ல நாம தின்னா சாமிக்குப் போறது மிச்சம்னு சொல்வாங்க தாயே, எங்க மடப்பள்ளியில."

"கசக்கறதை மொதல்ல நாம தின்னா?"

குழந்தைவேலு வில்லையை வாயில் போட்டார். இனித்தது. அடுத்த காய் இனித்தது. அதற்கடுத்தது வாயைத் திருப்பிப்போட்டது. அதைத் தூர எறிந்தார். அழகில் மூட்டையிலேயே அதுதான் முதல்.

பழைய சாற்றை மண்ணில் கொட்டிவிட்டுப் பானையைக் கழுவினார். மறுபடி ஆட்டினார், வடித்தார், பிழிந்தார். இந்தத் தடவை வாயில் துணி கட்டவில்லை. கரண்டியில் எடுத்து நாக்கில் விட்டுப் பார்த்தார். உப்பு ஒரு கல் குறைவாக இருந்தது. போட்டார்.

வெயில் சாயத் தொடங்கிய நேரம். புதிதாக ஒரு கூட்டம் வந்தது. குழந்தைவேலு ஊற்றிவிட்டு நிமிர்ந்து பார்த்தார். கொஞ்சம் கீழேயும் சிந்தியது. சிந்தினால் சிந்தட்டும். ஒருவருக்குப் புருவம் தளர்ந்தது, கேட்காமலே இன்னொரு டம்ளர் ஊற்றினார். ஒரு பெண்பிள்ளைக்குச் சாற்றைவிடக் கால்தான் கஷ்டம் என்று முகத்திலேயே தெரிந்தது, உட்காரப் பலகை எடுத்துப் போட்டார். யாரிடமும் நல்லாருக்குதா என்று கேட்கவில்லை. முகம் இவ்வளவு பேசும் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. ஒவ்வொரு முகமாக ஆசை தீரப் பார்த்தார்.

அப்போதுதான் மயிலாத்தாளின் ஞாபகம் வந்தது. கை அப்படியே நின்றுவிட்டது.

ஒரு டம்ளரில் புதுச் சாற்றை எடுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போனார். அவள் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தாள். பை மடியிலேயே இருந்தது.

"ஏம்புள்ள, மத்தியானம் குடிச்சயே, அது கசந்துச்சா?"

அவள் டம்ளரை வாங்கிக் குடித்தாள். "கொஞ்சம் கசந்துச்சுங்க" என்றாள்.

"ஏஞ் சொல்லல?"

"வாய் நெறயச் சொல்லிட்டு ஊத்துனீங்க. எப்படீங்க சொல்றது?"

"வீட்டுலயும் இப்படித்தானா?"

மயிலாத்தாள் சிரித்தாள். "உப்புக் கரிச்ச நாளும் உண்டுங்க. உப்பே இல்லாத நாளும் உண்டு. அதுக்கென்னங்க இப்ப?"

அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். கேட்க வேண்டியது இன்னும் ஒன்று இருந்தது. அதை வெளியே எடுக்கப் பயமாக இருந்தது. காவி வேண்டும் என்கிற ஆசை அவருக்குக் குறையவே இல்லை. இந்த ஒரு கேள்வியால் அது கைவிட்டுப் போய்விடும் என்று தெரிந்தது. இருந்தாலும் கேட்டார்.

"நீ ஒத்தையா இருந்துக்குவயா?"

"பழகிப்போகும்ங்க. பேச்சுக்குத்தான் ஆளில்ல. ரேடியோ இருக்குது." பையின் வாயைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டாள். "நீங்க நெனச்சது நடக்கட்டும். எனக்குச் செரிதானுங்க."

இந்தத் தடவை குழந்தைவேலு அவள் முகத்தைப் பார்த்தார். ஆள் விட்டுக் கேட்டபோது பார்க்க முடியாமல் போன முகம் அது. அவள் கண்ணை எங்கே வைப்பதென்று தெரியாமல் பஸ் போகிற ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு சிரித்த மாதிரியே இருந்தது, கன்னம் சிரிக்கவில்லை.

எழுந்து அம்மையிடம் வந்தார்.

"தாயே, நாளைக்குக் காலையில அவ துணியை எடுத்துக் குடுத்துருவாளுங்க."

"குடுத்துருவாங்க."

"வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்ல மாட்டாளுங்க."

"மாட்டாங்க."

"நான் இப்ப என்னுங்க பண்றது?"

அம்மை பந்தலில் சிந்திக் கிடந்த ஈரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்து முடித்துவிட்டு நிமிர்ந்தார்.

"வீட்டுச் சாவி யார்கிட்ட இருக்குது?"

"அவகிட்டத்தானுங்க."

"வாங்கிக்கிட்டு சாயங்கால பஸ்ஸுக்கு நீங்க கிளம்புங்க. அக்கா இங்க என்கூட இருக்கட்டும். பந்தல்ல ஊத்த ஆள் வேணும், எனக்கும் பேச்சுத்துணை ஆச்சு. நீங்க வீட்டுல ஒரு ஆளுக்கு மட்டும் உலை வைங்க. ஒத்தையா உக்காந்து சாப்பிடுங்க, ஒத்தையாப் படுங்க. ஐப்பசியில இருந்து அவங்க எப்படி இருந்தாங்களோ அப்படியே இருங்க."

"அப்ப காவிங்க?"

"பையிலயே இருக்கட்டும்."

ரோட்டில் பஸ் வருகிற சத்தம் கேட்டது. குழந்தைவேலு நகரவில்லை.

"எத்தன நாளைக்குங்க தாயே?"

"கசக்கற வரைக்கும்."